அடுப்புக்குப் போகும் முன் 20 நிமிடங்கள்: மழைக்கால மும்பையில் நீர்வண்ணப் பயிற்சி

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூர்ச் சந்தையிலிருந்து வாங்கிவந்த காய்கறிப் பையை அம்மா சமையல் மேடையில் கவிழ்த்தபோது, உருண்டுவந்து நின்ற ஒரு கத்திரிக்காயின் வயிற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் அதன் நான்கு கம்பிகளோடு தெரிந்தது. அதை வரைய வேண்டும் என்று தோன்றியது. வண்ணப் பெட்டியைத் தேடி எடுத்து, தாளைப் பலகையில் ஒட்டி, தண்ணீர் பிடித்து வருவதற்குள் அந்தக் காய் எட்டாக நறுக்கப்பட்டுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அதுவரை நான் நீர்வண்ணம் தீட்டிய விதம் வேறு. மாதத்தில் இரண்டு ஞாயிறுகள், பெரிய தாள், நான்கு மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் தெளிவாக இருந்த படத்தை அடுத்த மூன்று மணி நேரத்தில் நானே திருத்தித் திருத்திச் சேறாக்கிவிடுவேன். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு இருபத்து நான்கு படங்கள்தான் தேறும். ஒரு தவற்றைச் செய்துவிட்டு அதை மறுபடி சந்திக்கப் பதினைந்து நாள் ஆகும் என்றால், முந்தைய முறை எங்கே கை தவறியது என்பதே மறந்துபோயிருக்கும். ஆகவே ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை 40 நாள்கள், அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், சமையலறையில் அன்று இருக்கும் பொருள்களை வைத்து, நாளுக்கு ஒரு சிறு படம், 20 நிமிடத்துக்குள் என்று முடிவு செய்தேன். கால அளவைக் காட்ட எனக்குக் கடிகாரம்கூடத் தேவைப்படவில்லை. ஆறரை மணிக்கு அம்மா காய் நறுக்க உட்காருவார். அதற்குள் முடியாவிட்டால் மாடல் சாம்பாருக்குப் போய்விடும்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெரிய இரகசியம் ஏதுமில்லை. தூரிகை இரண்டு: 10ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 4ஆம் எண் ஒன்று, இரண்டும் செயற்கை இழை. பழைய கடைகளில் இன்னமும் சிலர் கீரி முடித் தூரிகையைப் புகழ்வதைக் கேட்கலாம். கீரி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த முடியில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம், அதற்கு அவசியமும் இல்லை. வண்ணங்கள் ஆறு மட்டும்: வெளிர் எலுமிச்சை மஞ்சள், மண் மஞ்சளான ஓக்கர், அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், குவினாக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. கருப்பும் வெள்ளையும் பெட்டியில் இல்லை. முன்பு ரோஸுக்குப் பதிலாக அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு வைத்திருந்தேன். குழாயின் மேல் பி.ஆர். 83 என்று அச்சிடப்பட்டிருக்கும் அந்த நிறமி வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது. ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, கோடை முழுதும் ஜன்னலில் ஒட்டிவைத்துப் பார்த்தபோது திறந்திருந்த பாதி நோயாளியின் உதடு போல ஆகியிருந்தது. பி.வி. 19 என்ற எண்ணுள்ள குவினாக்ரிடோன் அப்படி வெளுப்பதில்லை.

தாள் விஷயத்தில்தான் முதல் ஐந்து நாள்களை இழந்தேன். பயிற்சிதானே என்று எண்ணி, மரக்கூழில் செய்த ஒரு மலிவான அட்டைப் புத்தகத்தில் தொடங்கினேன். அந்தத் தாளில் வண்ணம் மேலேயே நிற்கும். இரண்டாம் பூச்சை வைத்தவுடன் முதல் பூச்சு கரைந்து எழும்பும். கொஞ்சம் தண்ணீர் கூடினால் அப்பளம் சுடுவதுபோல நெளியும். ஐந்து நாளும் என் கை தவறா, தாளின் தவறா என்று பிரித்தறிய முடியவில்லை. பயிற்சிக்கு மட்டமான தாள் போதும் என்று சொல்பவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆறாம் நாள், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, முழுக்கப் பருத்தியில் செய்த, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் வகைத் தாள்கள் நான்கை வாங்கினேன். 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள முழுத் தாளை நீளத்தில் நான்காகவும் அகலத்தில் நான்காகவும் கிழித்தால், ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டுகள் கிடைக்கும். விலையைத் துண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு நல்ல வடாபாவ் விலைதான். அந்த எண்ணம் வந்தபின் கையில் இருந்த நடுக்கம் போயிற்று.

பொருள்களை அடுக்குவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடவில்லை. ஜூன் மாத மேகமூட்டத்தில் காலை ஆறு மணி வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதால் நிழலே விழாது. நிழல் இல்லாத எலுமிச்சம்பழம் தாளில் ஒரு மஞ்சள் வட்டம்தான். அதனால் இடப்பக்கம் ஒரு மேசை விளக்கை வைத்தேன். விளக்கின் மஞ்சள் ஒளியும் ஜன்னலின் சாம்பல் ஒளியும் கலந்ததில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. விளக்கு ஒளி மறைந்த இடத்தில் ஜன்னல் ஒளி மட்டும் எஞ்சுவதால், வெள்ளை வேட்டித் துணியில் விழுந்த நிழல் கண்ணுக்கே தெரியும்படி நீலமாக இருந்தது. நிழல் என்றால் சாம்பல் நிறம் என்று பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டிருந்த பழக்கம் இரண்டே நாளில் விட்டுப்போனது.

அடுத்த மூன்று நிமிடம் தூரிகையைத் தொடுவதில்லை என்பதை விதியாக வைத்துக்கொண்டேன். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்ற மூன்று திட்டுகள் மட்டும் நிற்கும். தீப்பெட்டி அளவில் அவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, வெள்ளையாக விடவேண்டிய இடங்களை முதலில் முடிவு செய்வேன். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். ஒருமுறை மூடிவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது ஏறத்தாழ நடக்காத காரியம். மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள, எஸ். எல். ஹல்தங்கர் 1945-46இல் தீட்டிய, கையில் விளக்கேந்திய பெண்ணின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரவிவர்மா வரைந்தது என்று பலர் இன்றும் நினைக்கும் அந்தப் படம் மும்பையில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் நீர்வண்ணம். சுடரை மறைத்த விரல்களின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் இடத்தை முதல்முறை நேரில் பார்த்தபோது, எண்ணெய் வண்ணத்தில் பூசியிருப்பார்கள் என்றே நானும் நம்பியிருந்தேன். அந்த ஒளியை மேலே வைக்கவில்லை, சுற்றிலும் இருட்டை வைத்து உள்ளே மிச்சம் பிடித்திருக்கிறார் என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

ஜூன் 6 முதல் படங்கள் ஓரளவு நிமிர்ந்தன. பூண்டு, எலுமிச்சை, எவர்சில்வர் டம்ளர், ஒரு பிடி சின்ன வெங்காயம் என்று ஒவ்வொன்றாகப் போனது. எலுமிச்சையின் நிழற்பக்கத்துக்கு முன்பு கொஞ்சம் கருப்பைச் சேர்ப்பேன். மஞ்சளோடு கருப்பு சேர்ந்தால் பாசி படிந்த பச்சை வரும், பழம் அழுகியதுபோல் தோன்றும். இப்போது கருப்பு இல்லாததால் மஞ்சளோடு ஓக்கரும், அதற்கு மேல் துளி பர்ன்ட் சியன்னாவும், கடைசி விளிம்பில் துணியின் நீலம் பட்ட இடத்தில் மட்டும் மிகக் குறைந்த ஊதாவும் வைத்தேன். பழம் உருண்டது. சின்ன வெங்காயம்தான் இந்தப் பயிற்சிக்கு மிகச் சிறந்த ஆசிரியர் என்பது என் கருத்து: ஐந்து வெங்காயத்தைக் கொட்டினால் ஐந்தும் ஐந்து சாய்வில் விழும், ஒவ்வொன்றையும் இரண்டே தொடுகையில் முடிக்கலாம், ஒன்று கெட்டாலும் பக்கத்து வெங்காயம் அதைக் காப்பாற்றும்.

இரண்டாவது வாரத்தில் மழை பிடித்தது. அதோடு என் 20 நிமிடக் கணக்கும் குலைந்தது.

ஜூன் 7 அன்று உள்ளங்கை அளவுக்கு ஒரு நடுத்தரப் பூச்சை வைத்து, மின்விசிறிக்கு அடியில் காயவிட்டு நேரம் பார்த்தேன்: 9 நிமிடம். ஜூன் 12 அன்று, இரவு முழுவதும் பெய்து ஓய்ந்த காலையில், அதே தாள், அதே விசிறி, அதே அளவு பூச்சு: 24 நிமிடம். சுவரில் மாட்டிய சிறிய ஈரப்பதமானி 88 விழுக்காடு காட்டியது. ஜூலை மாதத்தில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், காற்று தன் பங்கு தண்ணீரை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது. தாளிலிருந்து எடுத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. படுக்கையறையில் ஏ.சி. இருக்கிறது, ஆனால் அங்கே அப்பா ஏழு மணி வரை உறங்குவார். ஆகவே அந்த வழி அடைபட்டது.

காயாத தாளில் நேர்ந்த விபத்துகளைச் சொல்ல வேண்டும். ஜூன் 10 அன்று தக்காளியின் மேல் பச்சைக் காம்பை வைத்தேன். ஈரச் சிவப்புக்குள் பச்சை ஓடி, இரண்டும் சேர்ந்து பழுப்பாயின. ஜூன் 11 அன்று பொறுமையிழந்து, தலை உலர்த்தும் கருவியை நேராகப் பிடித்தேன். தேங்கியிருந்த தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்தது, வெங்காயத்துக்கு மீசை முளைத்தது. ஜூன் 12 அன்று நடந்ததுதான் உண்மையில் என்னைச் சிந்திக்க வைத்தது. எவர்சில்வர் டம்ளரின் பின்னணிக்கு ஒரு சீரான நீலப் பூச்சை வைத்து, அது பெரும்பாலும் காய்ந்துவிட்டது என்று நம்பி, ஓரத்தில் சிறு பிழையைச் சரிசெய்ய ஈரத் தூரிகையால் தொட்டேன். ஒரு நிமிடத்துக்குள் தொட்ட இடத்திலிருந்து தண்ணீர் பரவி, நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், சுருள்சுருளான விளிம்போடு ஒரு வெளிர் திட்டு மலர்ந்தது. வரைபவர்கள் இதைக் காலிஃபிளவர் என்றே அழைக்கிறார்கள்; என் சமையலறைப் படத்தில் நான் அடுக்காத ஒரே காய்கறி அதுதான்.

அன்று மாலை, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மகளோடு வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். தாராவியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடைப் பலகைகளும் திரைப்படத் தட்டிகளும் எழுதியவர். தமிழ், மராத்தி, இந்தி, உருது நான்கிலும் எழுத்து வளைவு பிசகாமல் எழுதக்கூடியவர். தாளை வாங்கி விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இது காஞ்சிடுச்சுன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?"

"பார்த்தா காஞ்ச மாதிரிதாங்க ஐயா இருந்துச்சு."

"தாளைப் பார்த்தா தெரியாது. தாள்ல ஜன்னல் தெரியுதான்னு பாருங்க."

மறுநாள் படம் எதுவும் வரையாமல், அதை மட்டும் சோதித்தேன். தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஜன்னலை நோக்கிச் சற்றுச் சாய்த்தால், புதிதாக வைத்த பூச்சில் ஜன்னல் கம்பிகள்கூடக் கூர்மையாகத் தெரிகின்றன. அப்போது புதிய நிறத்தை வைத்தால் அது கட்டுப்பாடில்லாமல் ஓடும். சில நிமிடங்களில் கம்பிகள் மறைந்து, வெறும் வெளிச்சத் திட்டு மட்டும் பட்டுத்துணியின் பளபளப்போடு நிற்கிறது. கெட்டியான நிறத்தை வைத்து மென்மையான விளிம்பு வரவைக்க வேண்டுமானால் அதுதான் நேரம். அந்தப் பளபளப்பும் போய், தாள் பார்வைக்குக் காய்ந்ததுபோல இருக்கும் கட்டம்தான் ஆபத்தானது: மேற்பரப்பில் தண்ணீர் இல்லை, ஆனால் இழைகளுக்குள் இருக்கிறது, அந்த நேரத்தில் பட்ட ஒவ்வொரு துளியும் காலிஃபிளவராக முளைக்கும். புறங்கையை மெல்ல வைத்தால் தாள் சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சி முற்றிலும் போனபிறகே அடுத்த பூச்சு. தலை உலர்த்தும் கருவியையும் பளபளப்பு மறைந்தபின்தான் எடுக்க வேண்டும்; அதற்கு முன் எடுத்தால் மீசைதான்.

இது தெரிந்ததால் தாள் விரைவில் காயத் தொடங்கிவிடவில்லை. காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கமுடியாமல் தாளைத் தொடுவதுதான் என் நோய் என்று புரிந்தபின், அந்தக் கைக்கு வேறொரு தாளைக் கொடுப்பதென்று ஜூன் 14 அன்று தீர்மானித்தேன். ஒரே பலகையின் இரு பக்கங்களில் இரண்டு துண்டுகள், ஒரே அடுக்கு, இடத்தில் நான்கு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தால் வேறு கோணம். முதல் தாளில் பெரிய வெளிர்ப் பூச்சை வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இரண்டாவதற்குப் போவேன். இரண்டாவதில் அதே வேலை முடியும்போது முதல் தாள் பட்டுப் பளபளப்புக்கு வந்திருக்கும். கால் மணி நேரம் முன்னதாக எழவேண்டியிருந்தது. இரண்டுமாகச் சேர்ந்து 35 நிமிடம். அதில் ஒரு தாளின் மேல் என் கை உண்மையில் இருந்த நேரம் 15 நிமிடத்துக்கும் குறைவு. நான்கு மணி நேரப் படங்களிலும் கை இருக்கவேண்டிய நேரம் ஒருவேளை இவ்வளவுதானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு தாள் முறைக்கு ஒரு குறையும் உண்டு. முதல் தாளில் செய்த தவற்றைத் திருத்தும் முனைப்பில் இரண்டாவது படம் விறைப்பாகிவிடுகிறது. அதைத் தவிர்க்க, சில நாள்களில் இரண்டாவது தாளில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த ஒரே சாம்பல் நிறத்தால் மட்டும் தீட்டினேன். இந்த இரண்டும் ஒன்றையொன்று அடக்கக்கூடியவை: நீலம் சற்றுக் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்புக் கூடினால் சூடான சாம்பல், தண்ணீர் குறைத்தால் ஏறத்தாழக் கருப்பு. அல்ட்ராமரினின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்கிப் பொரிப்பொரியாகத் தெரியும் என்பதால், தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவிலிருந்து கொண்டுவந்த சுட்ட மண் குவளைக்கு அந்தக் கலவை தைத்து வைத்த சட்டைபோலப் பொருந்தியது. அதே குவளைக்குத் தாலோ நீலத்தை வைத்துப் பார்த்தேன். அது நுண்ணிய நிறமி, தாளில் சாயம்போல ஏறிப் பள்ளமேடு காட்டாது. மண் குவளை பிளாஸ்டிக் குவளை ஆனது.

கத்திரிக்காய்க்கு வருகிறேன். இந்த 40 நாளில் அதை ஒன்பது முறை தீட்டினேன். ஜூன் 23 அன்று வந்ததைத்தான் முழுமையாகச் சொல்லத் தோன்றுகிறது. நீள வாக்கில் ஒரே தூரிகைப் பிடியில் வெளிர் ஊதாவை, அதாவது நிறையத் தண்ணீரில் ரோஸும் சிறிது அல்ட்ராமரினும் கலந்ததை, காய் முழுவதும் பரப்பினேன். இடப்பக்கம் விளக்கு பட்ட இடத்தில் அரிசி அளவும், வலப்பக்கம் ஜன்னல் தெரிந்த இடத்தில் நகத்தளவும் தாளை விட்டுவிட்டேன். விளக்கின் திட்டு வெறும் வெள்ளை. ஜன்னலின் திட்டுக்குப் பின்னர் மிக மெல்லிய நீலம் போனது. பளபளப்பு பட்டு நிலைக்கு வந்தபோது, தயிர் பதத்தில் குழைத்த அல்ட்ராமரின், ரோஸ், பர்ன்ட் சியன்னா மூன்றையும் அடிவயிற்று ஓரமாக ஒரு கோடாக இழுத்தேன். தொட்டவுடன் அது மேல்நோக்கிப் பரவிப் பாதி வயிற்றில் நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. துணியின் வெண்மை காயின் அடிப்புறத்தில் பிரதிபலிக்கும் ஒரு வெளிர் கீற்று இருக்கும். அந்தக் கோட்டைக் கடைசி விளிம்புக்குச் சற்று மேலே இழுத்ததால் அதுவும் தானாகத் தங்கியது.

காம்புதான் மிச்சம். பச்சையும் ஊதாவும் ஈரத்தில் தொட்டால் நடக்கக்கூடியதைத் தக்காளி கற்றுக்கொடுத்திருந்தது. காம்பின் தொப்பிக்கும் காயின் தோளுக்கும் இடையே, மயிரிழை அளவுக்கு உலர்ந்த தாளை விட்டு, 4ஆம் எண் தூரிகையின் நுனியால் பச்சையை வைத்தேன். ஈரம் அந்த உலர்ந்த இழையைத் தாண்டவில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும், வேண்டுமென்றே, தூரிகை நுனியால் பாலம்போட்டேன். அங்கே பச்சை சற்றே ஊதாவுக்குள் இறங்கித் தொப்பியின் நிழலாக மாறியது. மற்ற இடங்களில் எஞ்சிய வெள்ளை இழை, காயின் முள்தொப்பி விளிம்பில் பட்ட ஒளியாகவே தெரிந்தது. காயவைக்க நேரமில்லாததால் கண்டுபிடித்த உபாயம் அது. இப்போது நேரம் இருந்தாலும் அப்படித்தான் செய்கிறேன்.

"அந்தக் கத்திரிக்காயை எடுத்துக்கட்டுமாடா?" என்று அம்மா கேட்டபோது ஆறு இருபத்தெட்டு.

"எடுத்துக்கோம்மா. நிழல்தான் பாக்கி, அது துணியிலேயே இருக்கு."

"நிழலை நீயே வச்சுக்கோ" என்று காயை எடுத்துப்போனார். காய் போனதும் நிழலும் போய்விட்டது என்பது அவர் நகர்ந்தபிறகே எனக்கு உறைத்தது. நினைவிலிருந்து ஒரே பூச்சில் போட்ட அந்த நிழல், பார்த்துப் பார்த்துப் போட்ட மற்ற எட்டையும்விட நன்றாக இருக்கிறது.

பித்தளை டவரா டம்ளர் எனக்கு இன்னும் வசப்படவில்லை. மஞ்சள் நிறம்தான் பித்தளை என்ற எண்ணத்தோடு தொடங்கினால் அது மஞ்சள் பிளாஸ்டிக்காக முடியும். உற்றுப் பார்த்தால் அதில் மஞ்சள் மிகக் குறைவு. பாதிக்கு மேல் பச்சை சாய்ந்த அடர் பழுப்பு, அதன் பக்கத்திலேயே எந்த மாறுதல் படியும் இல்லாமல் பளீரென்ற வெள்ளை. உலோகத்தின் மினுமினுப்பு அந்த அடுத்தடுத்த வேறுபாட்டில் இருப்பதால், ஈரத்தில் ஈரம் வைத்து மென்மையாக்கும் பழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது. முதல் ஓக்கர்ப் பூச்சைப் புறங்கைக்குக் குளிர்ச்சி தெரியாத அளவு காயவிட்டு, அடர் நிறத்தைக் கூர்மையான விளிம்போடு ஒரே முறை வைக்கவேண்டும். டம்ளர் வாயின் நீள்வட்டத்தை நான் இன்னமும் அதிகம் திறந்தே வரைகிறேன். மேலிருந்து பார்ப்பதுபோல வாயும் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல அடியும் அமைவதால் காப்பி வெளியே கொட்டிவிடும்போல் தோன்றுகிறது.

ஈரம் தாளை மட்டும் தாக்கவில்லை. ஜூன் கடைசியில் வண்ணப் பெட்டியைத் திறந்தபோது ஓக்கர் கட்டியின் மேல் வெள்ளைப் பூஞ்சை பஞ்சுபோல் படர்ந்திருந்தது. நீர்வண்ணத்தில் நிறமியைப் பிணைப்பது வேல மர இனத்துப் பிசின், சிலவற்றில் தேனும் சேர்ப்பார்கள். பூஞ்சைக்கு அது விருந்து. மேல்பகுதியை ஈரத் துணியால் வழித்து எறிந்தேன். அம்மா பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்புத் தைலத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து கட்டிகளின் மேல் தடவினேன். அதைவிட முக்கியமாக, வேலை முடிந்தவுடன் பெட்டியை மூடும் ஒழுங்கைக் கைவிட்டு, மாலை வரை விசிறிக்கடியில் திறந்தே வைத்தேன். பிறகு பூஞ்சை வரவில்லை. பெட்டி இன்றும் கிராம்பு மணக்கிறது.

தாளின் கதை இதைவிட வருத்தமானது. பிளாஸ்டிக் உறையில் வைக்க மறந்து அலமாரியின் அடித்தட்டில் விட்ட ஆறு துண்டுகளில், பூச்சு வைத்தவுடன் கரும்புள்ளிகள் தோன்றி, நிறம் மை ஒற்றும் தாளில் போல உள்ளே இறங்கிவிட்டது. நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கத் தாளில் ஏற்றியிருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் சிதைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், அதைச் சரிசெய்யும் வழி எனக்குக் கிட்டவில்லை. அவை பென்சில் குறிப்புகளுக்குப் போயின. மீதித் தாள்களை ஜிப் உறையில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்தேன். காலணிப் பெட்டிகளில் வரும் பொட்டலங்களே போதும். தாளின் ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப்பும் ஈரக் காற்றில் பசை இளகி, பிரிக்கும்போது தாளின் தோலை உரித்துக்கொண்டு வந்தது. உலர்த்தும் கருவியால் பத்து விநாடி சூடாக்கி, தாளோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுத்தால் உரிவதில்லை.

ஜூலை 10 அன்று எண்ணிப் பார்த்தேன். காய்ச்சலில் ஒரு நாள், தண்டவாளத்தில் நீர் நின்றதால் அதிகாலையிலேயே வீட்டிலிருந்து கிளம்பவேண்டிய இரண்டு நாள் என மூன்று நாள் விட்டுப்போக, 37 அமர்வுகள். மரக்கூழ் தாளில் ஐந்து, பருத்தித் தாளில் ஒற்றையாக எட்டு, இரண்டிரண்டாக நாற்பத்தெட்டு: மொத்தம் 61 தாள்கள், ஜன்னல் சோதனைக்குச் செலவான ஒன்றையும் சேர்த்து. அவற்றைத் தரையில் பரப்பி, கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, தள்ளி நின்றும் பொருள் இன்னதென்று தெரிபவற்றை மட்டும் எடுத்தேன். பதினான்கு தேறின. அவற்றுள் பத்து ஜூன் 20க்குப் பிறகானவை, ஆறில் சின்ன வெங்காயம் இருக்கிறது, பித்தளை ஒன்றில்கூட இல்லை.

கெட்டுப்போன ஆறு போக, நான்கு முழுத் தாள்களில் மிச்சம் இரண்டு துண்டுகள். அவற்றை உறையிலிட்டு மூடி, மேலே "டவரா, வாய் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.